ஒரு மணி நேரம் எவ்வளவு ஈனும்?

1767ஆம் ஆண்டு தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ஆற்காட்டு நவாப் முகமது அலி அந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்தார். கைக்கு வந்த சொத்தில் என்ன தேறும் என்று கம்பெனிக்குத் தெரியவேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,000 ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, யாருக்கு என்ன தொழில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, களத்து நெல்லில் தச்சருக்கும் கொல்லருக்கும் கோயிலுக்கும் போகும் பங்கு எவ்வளவு என்றெல்லாம் எழுதி முடிக்க 1774 ஆகிவிட்டது.

இங்கே ஏரிகளும் வயல்களும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த அதே ஏழு ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேறு மூன்று காரியங்கள் நடந்தன. 1769இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டில் ரிச்சர்டு ஆர்க்ரைட், பின்னாளில் தண்ணீர் விசையில் ஓடிய தன் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1774இல் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாயைப் பிசகில்லாமல் குடையும் முறையைக் கண்டுபிடித்தார். உலகத்தின் போக்கை மாற்றப்போகிறோம் என்று மூவருமே நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பர்னார்டு கணக்கெடுத்த சீமையில்தான் இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்கள் உருளும் ஆலை, டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான். நெல்லும் ஏரியுமாக இருந்த சீமை எப்படி இப்படி ஆனது என்று கேட்டால், “கம்பெனி வந்தது, வேலை வந்தது” என்பார்கள். சரிதான். ஆனால் 1876இலேயே சென்னைக்கு நீராவி ஆலை வந்துவிட்டதே, அப்போது ஏன் வளம் வரவில்லை? வேறு எத்தனையோ இடம் இருக்க, கம்பெனிக்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் இழுத்துக்கொண்டு போனால் பொருளியலின் மிகப் பெரிய கேள்வியில் போய் நிற்போம். பல்லாயிரம் ஆண்டுகள் வறுமையில் கிடந்த மனித இனம் கடைசி இருநூறு ஆண்டுகளில் மட்டும் எப்படி இவ்வளவு செழித்தது?

மால்தஸ் போட்ட கணக்கு

வளம் என்றதும் பொன்னும் நிலமும் நினைவுக்கு வரும். பொருளியலார் பார்ப்பது வேறொன்றை: ஒரு மனிதர் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு விளைகிறது? இந்த ஒரு எண் உயர்ந்தால்தான் ஒரு சமூகம் மொத்தமாகச் செழிக்க முடியும். உயராவிட்டால், ஒருவர் செழிக்க இன்னொருவர் இளைக்க வேண்டும்.

செங்கல்பட்டு விவசாயிக்கு அறிவும் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. சில மாதங்களில் கொட்டித் தீர்க்கும் மழையைத் தேக்கி, மதகு வழியாக வயலுக்கு விட்டு, கலங்கலில் வழியும் மிச்சத்தை அடுத்த ஏரிக்கு அனுப்பும் சங்கிலி ஏரிகள் சாதாரணப் பொறியியல் அல்ல. ஆனால் பல்லவர் காலத்தில் ஒரு ஆள் ஒரு ஏரும் இரண்டு மாடும் வைத்து ஒரு நாளில் உழுத நிலத்துக்கும், பர்னார்டு காலத்தில் உழுத நிலத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விளைச்சல் கூடிய இடத்தில் குடும்பங்களும் கூடின. கூடிய வாய்கள் கூடிய நெல்லைத் தின்று தீர்த்தன. பிறகு ஒரு பஞ்சம் வந்து கணக்கை நேர் செய்தது. அப்போது உலகம் முழுவதும் நிலைமை இதுதான்.

இதை 1798இல் எழுதிவைத்தவர் தாமஸ் மால்தஸ். 1805 முதல் அவர் வேலை பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் அதிகாரிகளுக்காக நடத்திய கல்லூரியில். மதராஸ் ராஜதானிக்கு வந்திறங்கிய துரைமார் பலர் அவரிடம் பொருளியல் படித்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய உலகத்தை மால்தஸ் மிகச் சரியாக விளக்கி முடித்த நேரத்தில் அந்தப் பழைய உலகமே முடிந்துகொண்டிருந்தது. பொருளியல் வரலாற்றாசிரியர் ஆங்கஸ் மாடிசன் தொடங்கிவைத்த கணக்குகளின்படி, 1820இலிருந்து இன்றுவரை உலகின் சராசரித் தனிநபர் வருமானம் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. 1800 வாக்கில் உலகின் சராசரி ஆயுள் முப்பதை ஒட்டியிருந்தது. இந்தியாவில் அது 1951இல்கூட 32தான். இன்று எழுபதை ஒட்டி இருக்கிறது.

இதே மாடிசனின் இன்னொரு எண் வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி சுற்றும். 1700இல் உலக வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு இந்தியாவுடையது என்பது அது. எண் சரி. ஆனால் அன்றைக்கு உலக மக்களில் கால் பங்குக்கும் சற்று அதிகமானோர் இங்கேதான் வாழ்ந்தார்கள். அதாவது, தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நாம் உலகச் சராசரியை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழேதான் இருந்தோம். 1950இல் நம் பங்கு 4 சதவீதத்துக்கு வந்தது. கம்பெனியும் அதன்பின் அரசும் இங்கிருந்து அள்ளிக்கொண்டு போனது உண்மை. அதோடு சேர்ந்து நடந்த இன்னொன்று, மற்ற சில நாடுகளில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் பல மடங்கு ஏறியது, இங்கே ஏறவில்லை.

பதினேழு ஆண்டு நூற்பு

அந்த ஏற்றம் பருத்தி நூலில் தொடங்கியது. அதைத் தூண்டியதில் சோழமண்டலக் கரைக்கும் பங்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியத் துணி இங்கிலாந்துச் சந்தையில் அப்படி விற்றது. கம்பளி நெசவாளர்கள் கொதித்தெழ, பார்லிமென்ட் 1700இலும் 1721இலும் இந்திய அச்சுத்துணிக்குத் தடைச் சட்டங்கள் போட்டது. துணி வருவதைத் தடுக்கலாம். ஆசையைத் தடுக்க முடியுமா? அதே மாதிரித் துணியை உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்ற வெறி அங்கே பிறந்தது. தென்னிந்திய நெசவாளரின் வாழ்க்கைத்தரம் அன்றைய ஆங்கிலத் தொழிலாளிக்குக் குறைந்ததில்லை என்று வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி வாதிடுகிறார். ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் மறுக்கிறார்கள்: வெள்ளிக் காசில் பார்த்தால் இங்கே கூலி வெகு குறைவு, தானியத்தில் பார்த்தாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் பின்தங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஆங்கில நூற்பாளரின் கூலி காசுக்கணக்கில் அதிகம் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

ராபர்ட் ஆலன் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் அங்கிருந்து தொடங்குகிறார். கூலி அதிகமாகவும் நிலக்கரி மலிவாகவும் இருந்த நாட்டில், ஆளைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் இயந்திரம் லாபம் தரும். கூலி குறைவாகவும் விறகே விலையாகவும் இருந்த நாட்டில் அதே இயந்திரம் நஷ்டம். ஆகவே புத்தி அதிகமாக இருந்ததால் இங்கிலாந்து முந்தியது என்பதற்கில்லை. இயந்திரம் செய்தால் அங்கே காசு வந்தது.

விளைவைப் பாருங்கள். 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ பஞ்சை நூலாக்க, பதினெட்டாம் நூற்றாண்டின் இந்தியக் கை நூற்பில் 50,000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஒரு பெண்மணிக்கு அது ஏறத்தாழ பதினேழு ஆண்டு வேலை. சாமுவேல் கிராம்ப்டனின் ‘மியூல்’ இயந்திரம் 1780 வாக்கில் அதை 2,000 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தது. 1795 வாக்கில் 300. 1825 வாக்கில் 135. பதினேழு ஆண்டு வேலை பதினான்கு நாள் வேலையாகச் சுருங்கியதை ஒரே தலைமுறை தன் கண்ணால் பார்த்தது. ராட்டையை மட்டுமே நம்பியிருந்த பெண்களின் பிழைப்பு இங்கே எப்படி ஒடிந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஷில்லிங் தடிமன், தலைமுடித் தடிமன்

ஆனால் புதிய கருவி உலகத்துக்குப் புதிதல்ல. சீனத்தில் வெடிமருந்தும் அச்சும் பிறந்தன. தமிழகத்தில் பழங்காலத்திலேயே உருக்குச் செய்தார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறை ஒரு படி ஏற்றிவிட்டு நின்றுபோனது. 1800க்குப் பிறகு மட்டும் ஏற்றம் நிற்காமல் தொடர்ந்தது ஏன்?

இதற்கு விடை சொன்னதற்காக ஜோயல் மோக்கிருக்கு 2025இல் பொருளியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. அறிவு இரண்டு வகை என்கிறார் அவர். ஒன்று, ‘எப்படிச் செய்வது’ என்ற கைப்பாடம். மற்றது, ‘ஏன் அப்படி நடக்கிறது’ என்ற விளக்கம். சேலத்துக் கொல்லருக்கு உருக்கு எப்படிச் செய்வது என்று தெரியும். ஏன் அது உருக்காகிறது என்று சொல்லும் வேதியியல் உலகில் எவரிடமும் அப்போது இல்லை. காரணம் தெரியாத கைப்பாடத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோவது கடினம். கை போனால் பாடமும் போய்விடும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் விஞ்ஞானியும் பட்டறைக்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அறிவியல் கழகங்கள், கலைக்களஞ்சியங்கள், காப்புரிமை ஆவணங்கள், கடிதங்கள் எல்லாம் அந்தப் பேச்சின் வழிகள். ஏன் என்பதும் எப்படி என்பதும் ஒன்றையொன்று தள்ளிவிட்டதால் ஏற்றம் தொடர்ந்தது.

வாட்டின் கதையே சாட்சி. இயந்திரத்தின் தத்துவம் 1769இலேயே அவர் கையில் இருந்தது. ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீராவி கசிந்து ஓடியது. உருண்டையான சிலிண்டரைக் குடைய ஆளில்லை. பீரங்கி குடைந்த வில்கின்சன்தான் வாட்டுக்குச் சிலிண்டர் குடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டத்தில் பிசகு ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனைத் தாண்டவில்லை என்று வாட்டின் பங்காளி மாத்யூ போல்டன் மெச்சிக்கொண்டார். ஒரு நாணயத் தடிமன், அன்றைக்கு உலக சாதனை!

இன்று ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் எந்தச் சிறு வெண்டார் கம்பெனிக்குள் போனாலும் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ‘பிளக் கேஜ்’ என்ற எஃகுத் தண்டு கிடக்கும். ஒரு முனை ‘கோ’, மறுமுனை ‘நோ-கோ’. 20 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் பரிசோதிக்க வேண்டும் என்று வையுங்கள். ‘கோ’ முனை 20.000, அது துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ‘நோ-கோ’ முனை 20.021, அது உள்ளே போகவே கூடாது. இரண்டும் சரியென்றால் பாகம் தேறியது, இல்லாவிட்டால் ரிஜெக்ட். இந்த இடைவெளி தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. டிப்ளமோ முடித்து வந்த ஒரு பெண் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான பாகங்களை இப்படிப் பார்த்துத் தள்ளுகிறார். போல்டன் மெச்சிய துல்லியத்தைவிடப் பல மடங்கு துல்லியம், அவருக்கு அது அன்றாட வேலை. அந்தத் தண்டுக்குள் இருநூற்றைம்பது ஆண்டு அறிவு இருக்கிறது. அதைக் கையாள அவர் அத்தனையையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கற்றுக்கொண்டால் போதும். ஏழை நாடு பணக்கார நாட்டை எட்டிப்பிடிக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

இயந்திரம் வந்தும் வராத வளம்

அப்படியானால் இயந்திரத்தை வாங்கி வைத்தால் முடிந்ததா? சென்னை ராஜதானி அதைச் செய்து பார்த்த இடம். 1830 வாக்கில் ஜே. எம். ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அடுப்புக்குக் கரி வேண்டும்; நிலக்கரி அருகில் இல்லை, காட்டு மரத்தை எரித்துக் கட்டுப்படியாகவில்லை. சில பத்தாண்டுகளில் ஆலை மூடப்பட்டது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. 1876இல் பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையும் சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையும் வந்தன. லங்காஷயரில் ஓடிய வகை இயந்திரங்களே இந்திய ஆலைகளிலும் ஓடின.

ஆனாலும் பொருளியலாளர் கிரிகோரி கிளார்க் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விநோதத்தைக் காட்டியது. 1910 வாக்கில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி செய்த வேலைக்கு இந்தியாவில் ஏறத்தாழ ஆறு பேர் தேவைப்பட்டார்கள். இயந்திரம் ஒன்று, ஒரு மணி நேரத்தின் விளைச்சல் ஆறில் ஒன்று. தொழிலாளியின் வேலைப் பழக்கத்தில் காரணம் தேடினார் கிளார்க். மற்றவர்கள் முதலாளி பக்கமும் பார்த்தார்கள். ஆள் மலிவாகக் கிடைக்கும்போது ஒரு தறிக்கு இரண்டு பேரைப் போடுவதே அவருக்கு லாபம். பயிற்சிக்கும் நல்ல பஞ்சுக்கும் எதற்குச் செலவழிக்க வேண்டும்? பசியோடு வரும் ஆள், நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஆள், எழுத்துக் கூட்டத் தெரியாத ஆள், இவரிடமிருந்து எத்தனை வேலை எதிர்பார்க்க முடியும்? வெள்ளையர் போன பிறகு எடுத்த 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவீதம்.

சோறு, பள்ளி, லேத்து

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததற்கு அரசு கொடுத்த நிலமும் சலுகையும், நாற்பது கிலோமீட்டரில் துறைமுகமும், வாசலில் நெடுஞ்சாலையும் காரணம் என்பார்கள். நிலமும் சலுகையும் தர வேறு மாநிலங்களும் போட்டி போட்டன. சென்னையில் கூடுதலாக இருந்தது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கைகள்.

1948இல் அசோக் மோட்டார்ஸ், பின்னர் அதுவே எண்ணூரில் அசோக் லேலண்ட். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள். 1955இல் சுவிட்சர்லாந்துக்காரர்களின் தொழில்நுட்பத்தோடு பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. 1958இல் கிண்டி தொழிற்பேட்டை. பாடியில் டி.வி.எஸ். குழுமம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. 1971இல் சிப்காட். இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி லேத்துப் பட்டறைகளும், டை அடிக்கும் கடைகளும், ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்களும் முளைத்தன. ஐ.டி.ஐ. முடித்து ஒரு ஆலையில் பதினைந்து ஆண்டு டூல் ரூமில் இருந்தவர், வெளியே வந்து அம்பத்தூரில் இரண்டு மிஷின் போட்டு உட்காருவார். அவரிடம் நாலு பையன்கள் தொழில் பழகுவார்கள்.

அந்தப் பையன்கள் பள்ளிக்குப் போனது எப்படி? காமராஜர் காலத்தில் 1956இல் மதிய உணவு; 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. அப்படி 1985இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி இதே ஸ்ரீபெரும்புதூரின் பென்னலூரில்தான் இருக்கிறது. 2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேரும் விகிதம் தமிழகத்தில் 47, நாடு முழுவதும் 28. அன்று இதையெல்லாம் தர்மச் செலவு என்று கேலி பேசியவர்கள் உண்டு. தொழிற்கொள்கை என்று இவற்றை யாரும் சொல்லவில்லை. 1991இல் லைசென்ஸ் முறை விலகியபோது பலன் தந்தது இந்தச் செலவுதான்.

ஹூண்டாயே இந்தப் பாடத்தின் இன்னொரு பக்கம். 1967இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, அடுத்த ஆண்டே ஃபோர்டின் கார்ட்டினா காரை உல்சானில் பூட்டிக் கொடுத்தது. பிறகு பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து விலகிய ஜார்ஜ் டர்ன்புல்லை வேலைக்கு அழைத்தார்கள். உருவம் இத்தாலியின் ஜுஜாரோ, எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷி. 1975இல் ‘போனி’ கார் பிறந்தது. 1991இல் சொந்த எஞ்சின். அதற்கு ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார்கள், 1998இல் சான்ட்ரோ. வாட் ஊரில் தொடங்கிய அறிவு கொரியா சுற்றிக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்த வழி இது. வரைபடத்தை அஞ்சலில் அனுப்பலாம். வேலையின் நுணுக்கம் ஆளோடுதான் பயணம் செய்யும். தரக் கட்டுப்பாடும் அப்படியே வந்தது. அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானியருக்குக் கற்றுக்கொடுத்தார். ஜப்பானியர் அவர் பெயரில் பரிசு வைத்தார்கள். 1998இல் பாடியின் சுந்தரம்-கிளேட்டன் அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் ஆனது.

இன்று ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையின் திறன் ஆண்டுக்கு 8.24 லட்சம் கார். ஆண்டு முழுக்க இரவுபகல் ஓடுவதாக வைத்தாலும் நிமிஷத்துக்கு ஒன்றரைக் கார் என்று கணக்கு வருகிறது. இந்த வேகத்தில் உதிரிபாகத்தைக் குவித்துவைக்க எந்தக் கிடங்கும் போதாது. ஆகவே லைனில் கார்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில் சீட்டுகளை லாரியில் அடுக்கி அனுப்ப வேண்டும். கறுப்பு சீட்டுக்குப் பதில் சாம்பல் சீட் முன்பின்னாக வந்தால் லைன் நிற்கும். அதனால்தான் வெண்டார்கள் பக்கத்திலேயே வேண்டும். அதனால்தான் ஒரு ஆலை வந்த இடத்துக்கு ஐம்பது ஆலை வந்தன. ஒரு இடத்தில் கூடுவதே ஒரு மணி நேரத்தின் விளைச்சலைக் கூட்டுகிறது.

நோக்கியா போனது, யாருக்குப் பங்கு?

மோக்கிரோடு நோபலைப் பகிர்ந்த ஃபிலிப் அகியோனும் பீட்டர் ஹோவிட்டும் 1992இல் ஒரு கசப்பான உண்மையைச் சூத்திரமாக எழுதினார்கள்: புதிய அறிவு பழைய அறிவைக் கொன்றுதான் வளரும். ஸ்ரீபெரும்புதூருக்கு இதைச் சூத்திரமில்லாமலே தெரியும். நோக்கியா இங்கே 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் ஐபோன் அறிமுகமானது. பட்டன் போனின் காலம் முடிந்தது. வரி வழக்கில் சிக்கியதால் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1இல் மூடினார்கள். ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வீடு திரும்பினார்கள். பின்னர் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை எடுத்தது; பக்கத்திலேயே ஐபோன் வந்தது. 2024-25இல் இந்தியாவின் மின்னணு ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழகத்தினுடையது. வட்டாரம் தப்பித்தது. 2014இல் வேலை இழந்த பெண் தப்பித்தாரா என்பது வேறு கேள்வி. பல தொழில் தெரிந்த டூல் ரூம் ஆளுக்கு அடுத்த கேட் திறக்கும். ஒரே திருகை ஒரே இடத்தில் திருகப் பழகியவருக்கு ஆலையோடு பழக்கமும் போய்விடும்.

ஒரு மணி நேரத்தின் விளைச்சல் ஏறினால் கூலியும் தானாக ஏறுமா? இங்கிலாந்திலேயே ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் உற்பத்தி ஏறிக்கொண்டே போக, கூலி ஏறத்தாழ அப்படியே நின்றது. ‘ஏங்கல்சின் இடைநிறுத்தம்’ என்று அதற்கு ஆலன் பெயர் வைத்தார். நின்ற கூலி பின்னர் நகர்ந்ததில் சங்கங்களுக்கும் சட்டங்களுக்கும் வாக்குரிமைக்கும் பங்குண்டு.

சென்னைக்கு இந்த வரலாறு சொந்தம். 1918 ஏப்ரல் 27இல் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். கம்பெனி உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்குத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்து, 1926இன் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பதிவு கேட்டுப் போராடியது அதே 1926 சட்டத்தின் கீழ்தான். 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

பெண்களின் கதையும் இப்படியே. இந்தியாவின் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழகத்தில் இருப்பதாக 2019-20 தொழில் கணக்கெடுப்பு சொல்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கான்ட்ராக்டிலும் ட்ரெய்னி என்ற பெயரிலும் ஆண்டுக்கணக்கில் ஓடுபவர்கள் கேட்கும் நிலையிலேயே இல்லை.

எதை எண்ண வேண்டும்?

அரசு விழாக்களில் ஒப்பந்தங்களை எண்ணுகிறார்கள், கோடிகளை எண்ணுகிறார்கள். அது தவறில்லை, போதாது. 2009இன் ஐபோனைப் பிரித்துக் கணக்குப் போட்ட ஓர் ஆய்வில், சுமார் 179 டாலர் உற்பத்திச் செலவில் சீனாவில் பொருத்திய கூலி 6.50 டாலர்தான் என்று தெரிந்தது. மற்றதெல்லாம் நுட்பமான பாகங்கள் செய்தவர்களுக்குப் போனது; வடிவமைத்தவரின் லாபம் இந்தச் செலவுக்கும் மேலே. ஒரு மணி நேரத்தின் விளைச்சல் எங்கே அதிகம் என்பதை அந்த எண் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது.

அந்த இடத்துக்கு இந்த மண் போக முடியாதா? போன உதாரணம் ஒரகடத்திலேயே இருக்கிறது. 1955இல் என்ஃபீல்டு இங்கே வந்தபோது இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி முழு வண்டியும் இங்கேயே செய்தார்கள். 1970ஐ ஒட்டி இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடிப்போனது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யும் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகிறது. அந்த நிறுவனம் 2017இல் இங்கிலாந்தில் தன் தொழில்நுட்ப மையத்தைத் திறந்து, அந்நாட்டுப் பொறியாளர்களைச் சம்பளத்துக்கு வைத்தது. பூட்டுவதில் தொடங்கி வரைவதில் முடிந்த பயணம் இது. அறுபது ஆண்டுகள் பிடித்தன.

ஆகவே இனி இந்த வட்டாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இங்கே ஓடும் டையையும் ஜிக்கையும் வரைந்தவர்களில் இங்கே படித்தவர்கள் எத்தனை பேர்? ட்ரெய்னியாக வந்த பெண் ஐந்து ஆண்டு கழித்து என்ன புதிய வேலை கற்றிருக்கிறார்? லைன் வேகம் ஏறிய அளவுக்கு அவர் சம்பளச் சீட்டு ஏறியிருக்கிறதா? ஆலைகளின் எண்ணிக்கை நின்றாலும் இந்த மூன்றும் ஏறினால் வளம் தொடரும். ஆலைகள் பெருகி இந்த மூன்றும் நின்றால், 1910இன் பஞ்சாலை நிலைமையே மறுபடியும்: இயந்திரம் மட்டும் உலகத் தரம், வாழ்க்கை பழைய தரம்.